விதை போட்டு பாலக் கீரை வளர்க்கிறது எப்படி? முளைப்பு தான் முக்கால்வாசி வேலை

"பாலக் விதை போட்டேன், முளைக்கவே இல்ல"ன்னு தான் நிறைய பேர் சொல்றாங்க. முளைச்சு வந்த செடி செத்துப்போச்சுன்னு சொல்றவங்க ரொம்பக் கம்மி. அதனால இதுல முளைப்பு பத்தி தான் கொஞ்சம் நீளமா எழுதப்போறேன், ஏன்னா அந்த முதல் பத்து பன்னெண்டு நாளை ஒழுங்கா கடந்துட்டீங்கன்னா பாலக் அளவுக்கு சொன்ன பேச்சு கேக்குற கீரை வேற இல்ல. முளைப்பைக் கெடுக்குறது பெரும்பாலும் ரெண்டே விஷயம் தான், ஒண்ணு சூடு, இன்னொண்ணு விதைக்கு மேல இருக்குற மண்ணு.

முதல்ல உங்க கையில இருக்குறது எந்த விதைன்னு பாருங்க. பாலக்குன்னு பாக்கெட்ல வர்றது ரெண்டு வேற வேற செடியா இருக்க வாய்ப்பு இருக்கு. ஒண்ணு நிஜ ஸ்பினாச், தாவரப் பேரு ஸ்பினாசியா ஒலரேசியா. விதை சின்னதா உருண்டையா பழுப்பு நிறத்துல இருக்கும், சில வகைல முள்ளு முள்ளாவும் இருக்கும். இன்னொண்ணு பீட்ரூட்டோட நெருங்குன சொந்தம், பீட்டா வல்காரிஸ் வகை. அதோட விதை பீட்ரூட் விதை மாதிரியே சொரசொரன்னு கட்டி கட்டியா இருக்கும், அந்த ஒரு கட்டிக்குள்ளயே ரெண்டு மூணு விதை இருக்குறதால ஒரே இடத்துல ரெண்டு மூணு நாத்து கிளம்பும். பயப்படாதீங்க, ரெண்டையும் விதைக்கிற முறை கிட்டத்தட்ட ஒண்ணு தான். ஆனா பீட் வகை வெயிலைக் கொஞ்சம் நல்லாவே தாங்கும், திரும்பத் திரும்ப வெட்டலாம், நிஜ ஸ்பினாச் குளிர்ச்சி இல்லன்னா சீக்கிரமே பூவுக்குப் போயிடும். வருஷத்துல பாதி நாள் வெயில் அடிக்கிற இடத்துல இருக்கீங்கன்னா முதல் தடவைக்கு பீட் வகையே எடுங்கன்னு தான் நான் சொல்லுவேன். குளிர் காலம் நல்லா நீளமா கிடைக்கிற இடம்னா ஸ்பினாச்சை விட்டுடாதீங்க, அந்த இலையோட மென்மையே வேற.

விதை புதுசா இருக்கணும். ஸ்பினாச் விதைக்கு ஆயுசு கம்மி, ரெண்டு மூணு வருஷத்துக்கு மேல ஆனா முளைப்புத் திறன் நல்லாவே இறங்கிடும், அதுவும் சூடான ரூம்ல திறந்த கவர்ல கிடந்த விதைன்னா இன்னும் சீக்கிரம். சந்தேகமா இருந்தா பாத்தி முழுக்க போட்டுட்டு காத்துக்கிட்டு இருக்காதீங்க. ஒரு டிஷ்யூ பேப்பரை நனைச்சுப் பிழிஞ்சு அதுல பத்து விதையை வச்சு மடிச்சு ஒரு டப்பாவுல போட்டு குளிர்ச்சியான மூலைல வைங்க. ஒரு வாரம் பத்து நாள்ல ஏழு எட்டு முளைச்சுதுன்னா தாராளமா விதைக்கலாம், நாலஞ்சு தான்னா விதையை ரெண்டு மடங்கா போடுங்க, அதுக்கும் கீழன்னா புது விதை வாங்கிடுங்க. இன்னொரு விஷயம், விதை பிங்க் கலர்லயோ நீலமாவோ பளிச்சுன்னு இருந்தா அது பூஞ்சாணக் கொல்லி மருந்து பூசின விதை. அதை வெறுங்கையால அளையக்கூடாது, சமையல் பாத்திரத்துல ஊறப் போடக்கூடாது, சாப்பிடுற பொருள் இருக்குற ஃப்ரிட்ஜ்லயும் வைக்கக்கூடாது, குழந்தைங்க கைக்கு எட்டாம வச்சு கையுறை போட்டு நேரா மண்ணுல விதைச்சிடுங்க.

இப்போ சூடு விஷயம். காத்தோட சூட்டை விட மண்ணோட சூடு தான் இங்க முக்கியம். ஒரு சாதாரண தெர்மாமீட்டரை ரெண்டு செ.மீ. ஆழத்துக்கு மண்ணுல சொருகிப் பாத்தீங்கன்னா மதியத்துல மேல்மண்ணு எவ்ளோ சூடா இருக்குன்னு ஆச்சரியமா இருக்கும், கருப்பு கலர் தொட்டியா இருந்தா இன்னும் மோசம். ஸ்பினாச்சுக்கு 10ல இருந்து 20 டிகிரி செல்சியஸ் தான் சுகம். 5 டிகிரில கூட முளைக்கும், மூணு வாரம் எடுத்துக்கும் அவ்ளோ தான். 10 டிகிரின்னா பன்னெண்டு நாள் போல, 15 டிகிரின்னா ஒரு வாரம். 25 டிகிரில அஞ்சாறு நாள்லயே முளைச்சிடும், ஆனா போட்டதுல பாதி கூட வராம போகலாம். 30ஐத் தொட்டா ரொம்பக் கஷ்டம், 35ல ஒண்ணும் வராது. அதாவது சூடு ஏற ஏற முளைக்கிற வேகம் கூடும், எண்ணிக்கை குறையும், இதை மனசுல வச்சுக்கிட்டாலே பாதி குழப்பம் தீர்ந்துடும்.

ஏன் இப்படின்னா, நாம விதைன்னு சொல்றது உண்மையில ஒரு குட்டிப் பழம், நிஜ விதை அந்த கெட்டியான தோலுக்குள்ள இருக்கு. சூடு ஏறும்போது உள்ள இருக்குற கருவுக்கு ஆக்சிஜன் அதிகமா தேவைப்படும், அந்தத் தோலு அதை உள்ள விடாம தடுக்கும். தண்ணி ஓவராச்சுன்னாலும் இதே கதை தான், அந்தத் தோல் மேல வழுவழுன்னு ஒரு பசை உருவாகி காத்து போறதை இன்னும் அடைச்சிடும். அதனால "முளைக்கலையே"ன்னு பதறிப்போய் தினமும் மூணு வேளை தண்ணி ஊத்துறது தான் இருக்குறதுலயே பெரிய தப்பு. சூடான மண்ணு, அதுல சொதசொதன்னு தண்ணி, ரெண்டும் சேர்ந்தா விதை உள்ளயே அழுகிடும்.

வெயில் காலத்தை விட்டு விலகி விதைக்கிறது தான் முதல் வழி. பகல் வெப்பம் 25 டிகிரிக்குள்ள இறங்கி, அடுத்த ரெண்டு மாசம் அப்படியே இருக்கும்னு தெரிஞ்சா அது தான் நேரம். கடுமையா பனி விழற ஊரா இருந்தா குளிர் ஆரம்பிக்கிறதுக்கு ஆறேழு வாரம் முன்னாடி ஒரு தடவை, குளிர் விட்டதும் மண்ணைத் தோண்ட முடியுற நிலைமை வந்த உடனே ஒரு தடவைன்னு ரெண்டு பருவம் கிடைக்கும். வளர்ந்த ஸ்பினாச் செடி லேசான உறைபனியைக் கூட தாங்கிடும், குளிர்ல இலை இனிப்பா வேற ஆகும்.

பருவம் கொஞ்சம் முன்ன பின்ன இருந்தாலும் விதையை வெளியவே முளைக்க வச்சு அப்புறம் மண்ணுல வைக்கிற வழி ஒண்ணு இருக்கு, எனக்கு ரொம்பப் பிடிச்ச வழி இது தான். மருந்து பூசாத விதையை சாயங்காலம் சாதாரண தண்ணில ஊறப் போடுங்க, மறுநாள் காலைல வடிச்சிடுங்க, பன்னெண்டு மணி நேரம் போதும், 24 மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம். வடிச்ச விதையை ஈரத் துணியிலயோ டிஷ்யூலயோ ஒண்ணு மேல ஒண்ணு ஏறாம பரப்பி, மடிச்சு, மூடி லேசா திறந்த டப்பாவுல போட்டு ஃப்ரிட்ஜோட கீழ்த் தட்டுல வைங்க, ஃப்ரீசர்ல இல்ல. துணி கையில தொட்டா சில்லுன்னு இருக்கணும், பிழிஞ்சா சொட்டக்கூடாது. மூணாவது நாள்ல இருந்து தினமும் ஒரு தடவை திறந்து பாருங்க. விதையோட ஒரு ஓரத்துல தோலு லேசா வாய் பிளந்து அதுக்குள்ள இருந்து ஊசி முனை மாதிரி வெள்ளையா ஒண்ணு எட்டிப் பாக்கும், அது தான் வேர். இதுக்கு ஒரு வாரமோ அதுக்கு மேலயோ ஆகலாம், பொறுமையா இருங்க. அந்த வெள்ளை முனை மூணு நாலு மில்லிமீட்டர் இருக்கும்போதே மண்ணுக்குக் கொண்டு போயிடணும், இன்னும் நீளட்டும்னு விட்டா எடுக்கும்போது ஒடிஞ்சிடும். ஒரு ஸ்பூன் நுனியால அள்ளி, வேர் கீழ பாக்குற மாதிரியோ பக்கவாட்டுலயோ வச்சு மூடிடுங்க. முளைவிட்ட விதைங்கிறதால மண்ணு சூடு கொஞ்சம் ஜாஸ்தியா இருந்தாலும் சமாளிச்சு வந்துடும்.

மண்ணு பத்தி. பாலக் புளிப்பு மண்ணை சகிச்சுக்கவே சகிச்சுக்காது. பிஎச், அதாவது மண்ணோட புளிப்பைக் காட்டுற அளவு, 6.5ல இருந்து 7.5க்குள்ள இருந்தா நல்லது, 6க்குக் கீழ போச்சுன்னா செடி குட்டையா நின்னுடும், இலை மஞ்சளாகும், நீங்க எவ்ளோ உரம் போட்டாலும் தேறாது. தோட்டத்துல மத்த செடியெல்லாம் நல்லா இருக்கு பாலக் மட்டும் நோஞ்சானா இருக்குன்னா முதல்ல பிஎச் டெஸ்ட் கிட் வாங்கிப் பாருங்க. புளிப்பா இருந்தா விவசாய சுண்ணாம்பு பாக்கெட்ல சொல்லியிருக்குற அளவுக்கு, விதைக்கிறதுக்கு சில வாரம் முன்னாடியே கலந்து விடணும். மரச் சாம்பலும் உதவும், ஆனா கொஞ்சமா தூவுங்க, அள்ளிக் கொட்டாதீங்க.

தொட்டி, க்ரோ பேக்னா 20 செ.மீ. ஆழம் இருந்தா போதும், ஆணிவேர் இருக்குற செடி ஆனா இலைக்காகத் தானே வளர்க்கிறோம். ஆழத்தை விட அகலம் தான் இதுக்கு முக்கியம். அடியில வடிகால் ஓட்டை கட்டாயம். தோட்ட மண்ணு, நல்லா மக்கின தொழு உரம் இல்ல மண்புழு உரம், தென்னை நார்க் கழிவு மூணையும் ஏறக்குறைய சம அளவு கலந்துக்கலாம், நார்க் கழிவை ஒரு தடவை நல்லா அலசிட்டுப் போடுங்க, உப்பு இருக்கும். மக்காத சாணியை மட்டும் போட்டுடாதீங்க, இளம் வேரை பொசுக்கிடும், பச்சையா சாப்பிடுற இலைக்கு அது சுத்தமும் இல்ல. தரையில பாத்தி போடுறவங்க ஒரு ஜாண் ஆழத்துக்குக் கொத்தி கட்டியெல்லாம் உடைச்சு கல்லைப் பொறுக்கிடுங்க.

விதைக்கிறதுல ஒரே ஒரு விஷயத்தை மாத்துனா போதும், பலன் தெரியும். எல்லாரும் விதையைப் போட்டு மூடிட்டு மேல தண்ணி ஊத்துறோம் இல்லையா, அதுக்கு பதிலா முதல்ல விரலால ஒன்றரை செ.மீ. ஆழத்துக்கு கோடு கிழிச்சு, அந்தக் கோட்டுக்குள்ள மட்டும் பூவாளியால தண்ணி விட்டு நல்லா ஊற விடுங்க. தண்ணி உள்ள இறங்கினதும் விதையை மூணு செ.மீ.க்கு ஒண்ணா போட்டு, காஞ்ச மண்புழு உரமோ சலிச்ச தொழு உரமோ வச்சு மூடுங்க, தோட்டத்துக் களிமண்ணு வேண்டாம். மேல உள்ளங்கையால லேசா ஒரு அழுத்து, அவ்ளோ தான். இப்படி செஞ்சா விதைக்கு கீழ ஈரம் இருக்கும், மேல பொலபொலன்னு காத்தோட்டம் இருக்கும். களிமண்ணால மூடி மேல தண்ணி அடிச்சீங்கன்னா வெயில் பட்டதும் மேல்மண்ணு ஓடு மாதிரி இறுகிடும், முளைச்ச நாத்து அதை முட்டிக்கிட்டு வெளிய வர முடியாம மண்ணுக்கு அடியிலயே வளைஞ்சு மஞ்சளா செத்துடும். தோண்டிப் பாத்தா தான் தெரியும், முளைக்காம இல்ல, முளைச்சு மாட்டிக்கிச்சுன்னு.

வரிசைக்கு வரிசை 20ல இருந்து 30 செ.மீ. விடுங்க. விதைப்பு சாயங்காலம் இருக்கட்டும். வெயில் இன்னும் குறையலன்னா ரெண்டு செ.மீ. ஆழம் போகலாம், கீழ கொஞ்சம் குளிர்ச்சியா இருக்கும், மேல நனைச்ச சாக்கையோ அட்டையையோ போட்டு மூடி வைங்க. ஆனா நாலாவது நாள்ல இருந்து காலைல எழுந்ததும் சாக்கைத் தூக்கிப் பாத்தே ஆகணும். முதல் நாத்து தலை காட்டினதுமே சாக்கை எடுத்துடுங்க, ஒரு நாள் அசந்தாலும் வெளிச்சத்தைத் தேடி வெள்ளையா நீண்டு சாஞ்சிடும். சாக்குக்கு பதிலா 50 சதவீத நிழல்வலையை ஒரு அடி உயரத்துல கட்டிட்டா இந்த அவசரம் இல்ல.

முளைச்சு வர்ற பாலக்கை நிறைய பேர் களைன்னு நினைச்சு பிடுங்கிடுறாங்க! முதல்ல வர்ற ரெண்டு இலை கீரை மாதிரியே இருக்காது, ஒல்லியா நீளமா புல்லு மாதிரி ரெண்டு பக்கமும் விரிஞ்சு நிக்கும். அதுக்கு நடுவுல இருந்து கொஞ்ச நாள் கழிச்சு ஸ்பூன் மாதிரி வட்டமா ஒரு இலை வரும், அது தான் நிஜ இலை. அது வர்ற வரைக்கும் வரிசையில இருக்குற எதையும் தொடாதீங்க, வரிசைக்கு வெளிய இருக்குறதை மட்டும் எடுங்க. கோடு போட்டு விதைக்கச் சொல்றதே இதுக்குத் தான், தூவி விட்டா எது கீரை எது களைன்னே புரியாது.

நிஜ இலை ரெண்டு மூணு வந்ததும் நெருக்கத்தைக் கலைச்சு விடணும். மனசு வராது தான், ஆனா செஞ்சே ஆகணும், நெருக்கமா விட்டா எல்லாமே சூம்பிப் போகும், காத்தோட்டம் இல்லாம நோயும் வரும், பூவுக்கும் சீக்கிரம் போகும். பிடுங்காதீங்க, சின்ன கத்தரிக்கோலால தண்டை மண்ணோட ஒட்டி வெட்டுங்க, பிடுங்குனா பக்கத்து நாத்தோட வேரும் ஆடிடும். பீட் வகைல ஒரே கட்டியில இருந்து கிளம்புன ரெண்டு மூணுல நல்லா இருக்குற ஒண்ணை மட்டும் விட்டுட்டு மத்ததை வெட்டிடுங்க. குட்டி இலையா பறிக்கப் போறீங்கன்னா 4, 5 செ.மீ. இடைவெளி போதும், பெருசா வளரணும்னா 10 செ.மீ.ல இருந்து 15 செ.மீ. வேணும். வெட்டுன நாத்தைத் தூக்கிப் போடாதீங்க, அது தான் உங்க முதல் அறுவடை.

தண்ணி விடுறது ரொம்ப சிம்பிள், விரலை ஒரு கணு வரைக்கும் மண்ணுல விடுங்க, ஈரம் தெரிஞ்சா இன்னிக்கு வேண்டாம். காலைல விடுங்க, இலை மேல அடிக்காம வேர்ல விடுங்க, சாயங்காலம் இலையை நனைச்சு விட்டா ராத்திரி முழுக்க ஈரமா நின்னு பூஞ்சாணத்துக்கு வழி பண்ணிடும். ஒரு நாள் காய விட்டு மறுநாள் குளமாக்குறது தான் செடியை ரொம்ப பாதிக்கும், ஒரே சீரான ஈரம் தான் பாலக்குக்கு வேணும். சுத்தி காஞ்ச இலையோ வைக்கோலோ மூடாக்கு போட்டா மண்ணு குளிர்ச்சியா இருக்கும், தண்ணியும் கம்மியா போதும்.

உரம்னு பாத்தா இலைக் கீரைங்கிறதால தழைச்சத்து, அதாவது நைட்ரஜன் தான் பிரதானம். ஆரம்பத்துல தொழு உரம் நல்லா போட்டிருந்தீங்கன்னா முதல் வெட்டு வரைக்கும் எதுவும் வேண்டாம், அதுக்கப்புறம் ஒவ்வொரு வெட்டுக்கும் பின்னாடி ஒரு பிடி மண்புழு உரத்தை வரிசை ஓரமா போட்டு லேசா கிளறி விடுங்க. இலை கரும்பச்சையா வரணும்னு தழைச்சத்தை ஓவரா ஏத்தாதீங்க, பூச்சிக்கு அந்த மாதிரி கொழுத்த இலைன்னா ரொம்ப இஷ்டம், இலையில நைட்ரேட்டும் தேவைக்கு மேல சேரும்.

பூச்சியில நீங்க பழகி வச்சுக்க வேண்டியது இலை துளைப்பான். இலைக்குள்ள வெளிர் கலர்ல கோடு கோடா ஆரம்பிச்சு அப்புறம் பெரிய காஞ்ச திட்டா மாறும், வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சுப் பாத்தா ரெண்டு தோலுக்கும் நடுவுல புழு இருக்குறது தெரியும். உள்ள போனதுக்கு அப்புறம் மேல எதை அடிச்சாலும் சரியா போய்ச் சேராது. அதனால ரெண்டு நாளைக்கு ஒரு தடவை இலையைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்க, வெள்ளையா குட்டி குட்டியா நாலஞ்சு முட்டை பக்கத்துல பக்கத்துல அடுக்கி வச்ச மாதிரி இருக்கும், கட்டைவிரலால தேய்ச்சு விட்டா முடிஞ்சது. கோடு விழுந்த இலையைக் கிள்ளி கவர்ல கட்டி குப்பைல போடுங்க, உரக்குழில போடாதீங்க. விதைச்ச அன்னைக்கே மெல்லிசு பூச்சி வலையால மூடிட்டா இந்தத் தொல்லையே பெருசா இருக்காது. இலைச் சாறு உறிஞ்சுற குட்டிப் பூச்சியான அசுவினி வந்தா தண்ணியைப் பீய்ச்சி அடிச்சு உதிர்த்துட்டு, போகலன்னா வேப்பெண்ணெய் சோப்புக் கரைசல், ஆனா கீரைங்கிறதால அடிச்சிட்டு லேபிள்ல சொன்ன நாள் வரைக்கும் பறிக்காதீங்க. நத்தை ராத்திரில தான் வரும், டார்ச் எடுத்துட்டு போய் பொறுக்கிடுங்க.

நோய்ல ரெண்டு. நாத்து முளைச்ச ஒரு வாரத்துல தண்டு மண்ணோட ஒட்டுற இடத்துல நூலா இளைச்சு சாஞ்சா அது நாத்து அழுகல், தண்ணி ஜாஸ்தி, நெருக்கம் ஜாஸ்தின்னு அர்த்தம், ரெண்டையும் குறைங்க. இலை மேல மஞ்சள் திட்டு, அதே இடத்துல அடிப்பக்கம் சாம்பல், ஊதா கலந்த பூஞ்சை தெரிஞ்சா அடிச்சாம்பல் நோய், குளிர்ச்சியும் ஈரமும் சேர்ந்த நாள்ல வரும். அந்த செடியை யோசிக்காம பிடுங்கிடுங்க, அடுத்த தடவை எதிர்ப்புத் திறன் இருக்குற ரகமா பாத்து வாங்குங்க, அதே இடத்துல ரெண்டு மூணு வருஷத்துக்கு பாலக்கோ பீட்ரூட்டோ போடாதீங்க.

விதைச்ச 30 நாள் வாக்குல குட்டி இலையா பறிக்கலாம், முழு இலைக்கு 40ல இருந்து 50 நாள். வெளிப்பக்க இலையில இருந்து ஒண்ணொண்ணா கிள்ளி, நடுக்குருத்தை விட்டுடுங்க, ஒரு செடியில ஒரு தடவைக்கு மூணுல ஒரு பங்குக்கு மேல எடுக்காதீங்க. மொத்தமா வெட்டுறதா இருந்தா மண்ணுல இருந்து 4, 5 செ.மீ. விட்டு வெட்டுங்க, குருத்துல கத்தி படலன்னா ரெண்டு மூணு வாரத்துல மறுபடியும் தழைச்சு வரும். காலைல பறிச்சா இலை மொறுமொறுன்னு ரொம்ப நேரம் வாடாம இருக்கும். ஒரே நாள்ல எல்லா விதையையும் போட்டுட்டு அப்புறம் ஒரேயடியா தின்னு தீக்க முடியாம திணறாதீங்க, ரெண்டு வாரத்துக்கு ஒரு வரிசைன்னு விதைச்சா பருவம் முழுக்க கிடைச்சுக்கிட்டே இருக்கும்.

ஒரு நாள் பாத்தா நடுத் தண்டு விறுவிறுன்னு நீள ஆரம்பிக்கும், புதுசா வர்ற இலை வட்டமா இல்லாம அம்பு மாதிரி கூரா இருக்கும். அப்போ செடி பூவுக்குத் தயாராயிடுச்சு. ஸ்பினாச்சுக்கு பகல் பொழுது 14 மணி நேரத்தைத் தாண்டினாலே இந்த புத்தி வந்துடும், அதோட சூடும் நெருக்கமும் தண்ணிப் பஞ்சமும் சேர்ந்தா இன்னும் வேகமா. கிள்ளி விட்டு நிறுத்தலாம்னு பாக்காதீங்க, நிக்காது. இலை கசக்குறதுக்குள்ள முழு செடியையும் அறுத்து எடுத்துக்கோங்க.

விதைக்கு விடணும்னு ஆசை இருந்தா ஸ்பினாச்ல ஆண் செடி தனி, பெண் செடி தனிங்கிறதை மறந்துடாதீங்க, ஒரு செடியை மட்டும் விட்டா விதை கிடைக்காது. பத்துப் பதினஞ்சாவது விட்டு வைங்க, முந்திக்கிட்டு ஒல்லியா பூத்து மகரந்தம் தூவிட்டு காஞ்சு போறது ஆண், இலைக் கக்கத்துல கொத்துக் கொத்தா காய் பிடிக்கிறது பெண். எல்லாத்துக்கும் ரொம்ப முன்னாடி அவசரமா பூக்குற ஒண்ணு ரெண்டு செடியை மட்டும் பிடுங்கிடுங்க, ஆண் செடி எல்லாத்தையும் எடுத்துடாதீங்க, அந்த அவசரம் அடுத்த தலைமுறைக்குப் போக வேண்டாம். பாக்கெட்ல ஹைபிரிட்னு போட்டிருந்தா விதை எடுக்குறதுல பிரயோஜனம் இல்ல, அதே குணம் வராது. செடி மஞ்சளாகி காஞ்சதும் அறுத்து நிழல்ல தொங்க விட்டு, உருவி, புடைச்சு, ஈரமில்லாத கண்ணாடி பாட்டில்ல போட்டு வருஷத்தை எழுதி ஒட்டி குளிர்ச்சியான இருட்டு இடத்துல வைங்க.